ஆரையம்பதியிலிருந்து மட்டக்களப்பு நகரத்துக்கு ஓடும் ஸ்கூல் வேன்: நான்கு வருடம் பிள்ளையை அனுப்பியவளின் கருத்து

ஜனவரியில் முதலாம் ஆண்டுக்குப் பிள்ளை சேர்க்கப் போகிறவர்கள் இப்போதே வேன் தேடத் தொடங்கிவிட்டார்கள். போன கிழமை மட்டும் மூன்று பேர் என்னிடம், "டீச்சர், உங்கட மகள் போற வேன் எப்படி?" என்று கேட்டார்கள். மூன்று பேருக்கும் படலையடியில் நின்று அரைகுறையாகத்தான் சொன்னேன். அதில் ஒருவர் போகும்போது குரலைத் தாழ்த்தி, "அது காத்தான்குடி ஆக்கள்ர வேன்தானே, பயமில்லையா?" என்றார். எங்கள் ஆரையம்பதி தமிழ் ஊர், காத்தான்குடி பக்கத்து முஸ்லிம் ஊர். படலையடியில் நின்று சொல்லி முடிக்கிற பதில் அல்ல அது. அதனால் எழுதுகிறேன்.

வேன்காரரின் பெயரையும் எண்ணையும் நான் போடவில்லை. காலை 6.15க்கு பிரதான வீதியில் நின்றால் நீங்களே பார்க்கலாம். வெள்ளை டொல்பின் வேன், பின் கண்ணாடியில் மஞ்சள் நிறத்தில் பாடசாலைச் சேவை என்று எழுதியிருக்கும். பாலமுனை என்கிற முஸ்லிம் ஊரில் தொடங்கி, ஒல்லிக்குளம் பக்கத்துப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு ஆரையம்பதிக்கு வரும். இங்கே எங்கள் பிள்ளைகளை ஏற்றும். காத்தான்குடியில் அங்கே படிக்கிற பிள்ளைகளை இறக்கும். பிறகு மஞ்சந்தொடுவாய், நாவற்குடா, கல்லடி என்று போய், பாலத்தைத் தாண்டி, நகரத்துப் பாடசாலைகளுக்கு மிச்சப் பேரைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஏழேகாலுக்கு மகள் பாடசாலைக்குள் நிற்பாள். நான்கு வருடத்தில் மணி அடித்த பிறகு போனது ஐந்தோ ஆறோ தடவைதான். அதிலும் பாதி மாரி காலத்தில்.

மாதக் கட்டணம் இப்போது 7,000 ரூபாய். 2022இல் மகள் ஏறும்போது 3,500. அந்த வருடம் டீசலுக்கு வரிசையில் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பாதி நாள் பள்ளிக்கூடமே இல்லை. ஓடாத நாட்களுக்கு அவர் காசு வாங்கவில்லை, ஓடத் தொடங்கியதும் கூட்டினார். கூட்டியதில் எனக்கு மனக்குறை இல்லை. டிசம்பர் விடுமுறைக்குப் பாதிக் கட்டணம் எடுக்கிறார். மற்ற வேன்களில் முழுதாக எடுக்கிறார்கள் என்று கேள்வி.

நோன்பு மாதக் கணக்கைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இது விளங்குவதில்லை. முஸ்லிம் பாடசாலைகளுக்குத் தவணை அட்டவணை வேறு. ரமழானில் அவற்றுக்கு விடுமுறை, எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடக்கும். அந்த மாதம் வேன் பாதிக்கு மேல் காலி. அப்படியிருந்தும் எங்களிடம் ஒரு சதம் கூடுதலாகக் கேட்டதில்லை. விடுமுறையில் இருக்கும் பிள்ளைகளிடம் பாதிதான் வாங்குகிறார். நோன்போடு மத்தியான வெயிலில் வந்து எங்கள் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிற மனிதர் அவர். வெள்ளிக்கிழமைகளிலும் சிக்கல் உண்டு. முஸ்லிம் பாடசாலைகள் ஜும்ஆவுக்காக முன்கூட்டியே விடும். அதனால் அன்றைக்கு இரண்டு தடவை ஓடுகிறார். காத்தான்குடிப் பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு, நகரத்துக்கு வந்து அங்கேயே தொழுதுவிட்டு, ஒன்றரைக்கு மகளின் பாடசாலை வாசலில் நிற்பார்.

குறைகளையும் சொல்கிறேன். வேனில் 19 பிள்ளைகள். அது அதிகம். மடக்கு சீட்டுகளில் இருக்கிறவர்களுக்கு முதுகு வைக்க இடமில்லை. சீட் பெல்ட் முன்னால் மட்டும்தான். முதல் வருடம் ஓட்டும்போது போன் கதைப்பார். நான் ஒரு நாள் நேரே சொன்னேன். கோபிக்கவில்லை. "சரி டீச்சர், இனி இல்ல" என்று போனை உதவிக்கு வரும் அக்காவின் கையில் கொடுத்தார், இன்றுவரை அது அக்காவிடம்தான். கல்லடிப் பாலத்தில் முந்திப் போகிற பழக்கம் மட்டும் இன்னும் முழுதாகப் போகவில்லை. 2023 மாரியில் ஒரு நாள் மஞ்சந்தொடுவாயில் வேன் நின்றுவிட்டது. ஒரு மணித்தியாலம் எங்களுக்குத் தகவலே இல்லை. ஒரு கடைக்காரர் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டு இருத்தியிருக்கிறார். அன்றைக்கு நான் பட்டபாடு சொல்லி முடியாது. அதற்குப் பிறகுதான் வட்ஸ்அப் குழு தொடங்கினார்கள். இன்னொன்று, காத்தான்குடியில் இறங்கும் பிள்ளைகளுக்கு மத்தியானம் இருபத்தைந்து நிமிடக் காத்திருப்பு, ஏனென்றால் வேன் நகரத்தில் ஏற்றிக்கொண்டு திரும்பித்தான் வர வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு அது நீண்ட நேரம். வாகை மரத்தடியில் ஒரு வாங்கு போட்டிருக்கிறார், ஆனாலும் வெயில் வெயில்தான்.

சரி, இப்போது அந்த அக்காவைப் பற்றி. இந்த வேனை நான் விடாமல் வைத்திருப்பதற்கு முதல் காரணம் அவர்தான்.

அவர் எங்கள் ஊர், ஆரையம்பதி. கணவர் இல்லை. காலையிலும் மத்தியானமும் வேனில் வருகிறார், மிச்ச நேரம் இடியப்பம் அவித்து விற்கிறார். மகள் சேர்ந்த புதிதில் வேனுக்குள் ஒரு ஒழுங்கு தானாக அமைந்திருந்தது. பாலமுனைப் பிள்ளைகள் முதலில் ஏறுவதால் பின் சீட்டுகளைப் பிடித்துக்கொள்வார்கள். எங்கள் பிள்ளைகள் பிறகு ஏறி முன்னால் இருப்பார்கள். யாரும் அப்படி இருக்கச் சொல்லவில்லை. ஆனால் ஒரு மாதத்தில் அது சட்டம் மாதிரி ஆகிவிட்டது. பின்னால் ஒரு இடம் காலியாக இருந்தாலும் எங்கள் பிள்ளை போய் இருக்காது, மடக்கு சீட்டில் நெருங்கிக்கொண்டு இருக்கும். முன்னுக்கும் பின்னுக்கும் பட்டப்பெயர் கூப்பிடுவது தொடங்கியது. ஒரு நாள் தண்ணீர்ப் போத்தல் எறிந்து ஒரு பிள்ளையின் நெற்றி வீங்கியது.

அடுத்த நாள் காலை அக்கா எல்லாரையும் இறக்கி, வகுப்புப்படி ஏற்றினார். முதலாம் ஆண்டு, இரண்டாம் ஆண்டு முன் சீட். மூன்று, நான்கு நடுவில். பெரியவர்கள் பின்னால். எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம் என்று பார்க்கவில்லை. "ஊர் ஊரா இருந்தா ஒரு நாளும் சண்டை தீராது புள்ள, ஒரே வகுப்பு ஒண்டா இருந்தா வீட்டுவேலையாவது பாப்பாங்க" என்றார் என்னிடம். அவருடைய கவலை நெற்றி வீக்கம் மட்டும்தான். ஆனால் அந்த ஒரு காலையில் அவர் செய்ததை, இந்த மாவட்டத்தில் பாடசாலை என்று ஒன்றை நடத்துகிற யாரும் என் ஆயுளில் செய்து நான் பார்க்கவில்லை.

என் மகள் அப்போது இரண்டாம் ஆண்டு. அவளுக்குப் பக்கத்தில் பாலமுனைப் பிள்ளை ஒன்று, அதுவும் இரண்டாம் ஆண்டு. முதல் கிழமை முடிந்து வந்து மகள் என்னிடம் ஆச்சரியத்தோடு சொன்னாள்: "அம்மா, அவங்களுக்கும் எங்கட தமிழ்ப் புத்தகம்தான்! அதே படம்!" நான் கையில் இருந்த கரண்டியை வைத்துவிட்டேன். ஏழு வயது வரை என் பிள்ளை, இரண்டு கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிற பிள்ளைகள் வேறு ஏதோ மொழியில் படிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். நான் வரலாறு படிப்பிக்கிற ஆசிரியை. அது என் வீட்டில்.

சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் தனித்தனியாகப் படிப்பதற்கு மொழிமூலம் என்று ஒரு காரணம் சொல்லலாம். எங்களுக்கு அந்தக் காரணமும் இல்லை. அதே தமிழ், அதே கல்வி வெளியீட்டுத் திணைக்களப் புத்தகம், அதே பரீட்சை. சமய பாடம் ஒன்றுதான் வேறு. ஆனாலும் இவர்களுக்கு ஒரு பாடசாலை, அவர்களுக்கு ஒரு பாடசாலை. கல்வி வலயமே பிரிந்துதான் கிடக்கிறது. காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி என்று ஒன்றோடொன்று ஒட்டாமல் கிடக்கும் முஸ்லிம் ஊர்களின் பாடசாலைகள் மட்டக்களப்பு மத்தி வலயம். இடையில் இருக்கிற தமிழ் ஊர்கள் வேறு வலயம். காத்தான்குடியும் ஆரையம்பதியும் எங்கே முடிகின்றன, எங்கே தொடங்குகின்றன என்று வெளியூர்க்காரர் ஒருவரால் சொல்ல முடியாது. பாடசாலைக் கோப்புகளைப் பார்த்தால் இரண்டுக்கும் நடுவில் ஒரு கடல் இருக்கிற மாதிரி.

என் அம்மா நகரத்தில் படித்த காலத்தில் அவருடைய வகுப்பில் காத்தான்குடிப் பிள்ளைகள் இருந்தார்கள். ஒருவரோடு இன்னும் பழக்கம். முஸ்லிம் பாடசாலைகளைத் தனி வகையாக வைத்தது 1960க்குப் பிறகு வந்த மாற்றம், பதியுதீன் மஹ்மூத் கல்வி அமைச்சராக இருந்த காலங்களில் அது உறுதியானது. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. அந்தப் பாடசாலைகள் வந்திராவிட்டால், வீட்டோடு நின்றிருக்கக்கூடிய எத்தனையோ முஸ்லிம் பெண் பிள்ளைகள் இன்றைக்கு வைத்தியர்களாகவும் ஆசிரியர்களாகவும் இருக்க மாட்டார்கள். தங்கள் பிள்ளை தங்கள் சூழலில், மதிப்போடு படிக்க வேண்டும் என்று ஒரு சமூகம் ஆசைப்படுவதில் என்ன பிழை? மிஷன் பாடசாலைகளுக்கு எதிராக எங்கள் ஆட்களும் அதைத்தானே கேட்டார்கள். ஆனால் 1985க்குப் பிறகு நடந்தது வேறு. 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே ஓகஸ்டிலும் செப்டம்பரிலும் வீரமுனையிலும் சத்துருக்கொண்டானிலும் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு நகரத்து வகுப்புகளில் முஸ்லிம் பிள்ளைகள் குறைந்து போனார்கள். விருப்பத்தால் பிரிந்து இருந்தது பயத்தால் பிரிந்து இருப்பதாக மாறியது. இப்போது பயம் என்று யாரும் சொல்வதில்லை, வழக்கம் என்கிறார்கள்.

கல்வி டிப்ளோமா படிக்கும்போது அமெரிக்கப் பாடசாலைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. அப்போது படித்தது இந்த வேனைப் பார்க்கும்போதெல்லாம் நினைவுக்கு வரும். கன்சாஸ் மாநிலத்தில் டொப்பீக்கா என்ற ஊரில் லிண்டா பிரவுன் என்று ஒரு கறுப்பினச் சிறுமி. வீட்டுக்குக் கிட்டவே பாடசாலை, ஆனால் அது வெள்ளைப் பிள்ளைகளுக்கு மட்டும். அவள் ரயில் தண்டவாளங்களுக்கு நடுவே நடந்து போய், பஸ் பிடித்து, தூரத்தில் இருந்த கறுப்பினப் பாடசாலைக்குப் போக வேண்டும். பிரித்து வைத்தாலும் வசதி சமமாக இருந்தால் போதும் என்று 1896இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. லிண்டாவின் தகப்பனும் வேறு பல பெற்றோரும் போட்ட வழக்கில் 1954 மே 17ஆம் திகதி அதே நீதிமன்றம், ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில், பிரித்து வைப்பதே சமமின்மைதான் என்று தீர்ப்புச் சொன்னது.

தீர்ப்பு வந்ததும் பிள்ளைகள் ஒன்றாக இருந்துவிடவில்லை. ஆட்கள் குடியிருக்கிற தெருக்களே பிரிந்து இருந்தன. அதனால் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றி மற்றப் பகுதிப் பாடசாலைகளுக்குக் கொண்டுபோகலாம் என்று 1971இல் ஷார்லட் நகரத்து வழக்கில் நீதிமன்றம் அனுமதித்தது. ஒரு நாட்டின் பெரிய நியாயம் கடைசியில் ஒரு ஸ்கூல் பஸ்ஸில் வந்து நின்றது. 1974இல் பொஸ்டனில் கறுப்பினப் பிள்ளைகள் வந்த பஸ்களுக்கு வெள்ளையர்கள் கல் எறிந்தார்கள், கண்ணாடி உடைந்து பிள்ளைகள் காயப்பட்டார்கள். அதே வருடம் டெட்ரொய்ட் வழக்கில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் இன்னொரு தீர்ப்பு: நகரத்துக்கு வெளியே இருக்கிற கல்வி மாவட்டங்களை, அவை பிழை செய்ததாக நிரூபிக்காவிட்டால், இந்தத் திட்டத்துக்குள் இழுக்க முடியாது. எல்லைக் கோட்டுக்கு அப்பால் குடிபோன பெற்றோருக்கு அது போதுமாக இருந்தது. அதைப் படித்தபோது எனக்கு எங்கள் வலய வரைபடம்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது.

அங்கே சட்டம் போட்டுக் கறுப்பினப் பிள்ளையை வெளியே நிறுத்தினார்கள். இங்கே அப்படி ஒரு சட்டம் இல்லை. இரண்டும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. பாடசாலைகளை ஒன்றாக்கியபோது அங்கே ஆயிரக்கணக்கான கறுப்பின ஆசிரியர்கள் வேலை இழந்ததையும் படித்திருக்கிறேன். அதனால் நாளைக்கே முஸ்லிம் பாடசாலைகளை மூடிக் கலக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் முதலில் எதிர்ப்பவள் நானாக இருப்பேன். எங்கள் பக்கமும் பெரிய சுத்தம் இல்லை. யாழ்ப்பாணத்தில் 1930ஐ ஒட்டிய வருடங்களில், ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் மற்றவர்களோடு ஒரே வாங்கில் இருக்கலாம் என்று சம ஆசனம் வந்தபோது சில பாடசாலைகளுக்குத் தீ வைத்தார்கள். தமிழன் தமிழ்ப் பிள்ளையை நிலத்தில் இருத்திய கதை அது. கல்லடியில் சிவானந்தா வளாகத்தைத் தாண்டித்தான் இந்த வேன் போகிறது. உள்ளே விபுலானந்த அடிகளின் சமாதி இருக்கிறது. சிதம்பரத்தில் பேராசிரியராக இருந்தபோது பக்கத்துச் சேரிப் பிள்ளைகளுக்குப் போய்ப் படிப்பித்த மனிதர்.

இனி அந்தப் பயம் பற்றிய கேள்விக்கு வருகிறேன்.

என் மகன் 2016இல் இதே வேனில்தான் போகத் தொடங்கினான். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு நகரத்துச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. இறந்தவர்களில் பிள்ளைகள் பலர். குண்டுகளுக்குப் பின்னால் இருந்தவன் காத்தான்குடிக்காரன் என்று அன்றிரவே ஊர் முழுக்கப் பேச்சு. மே மாதம் பாடசாலைகள் திறந்தபோது வாசலில் பைகளைத் திறந்து பார்த்தார்கள். அந்த மாதம் ஆரையம்பதியில் ஒரு பிள்ளைகூட அந்த வேனில் ஏறவில்லை. என் மகனும் ஏறவில்லை. நான் அனுப்பவில்லை. மூன்று வருடத்துக்கும் மேலாக என் பிள்ளையைக் கையைப் பிடித்து இறக்கிவிட்ட மனிதரைப் பற்றி எனக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை, ஆனாலும் அனுப்பவில்லை. மற்றவர்கள் என்ன சொல்வார்கள் என்ற யோசனையும் அதில் இருந்தது. அதை ஒளிக்க மாட்டேன்.

ஒரு பின்னேரம் அவர் சைக்கிளில் வந்தார். ஏப்ரலுக்குக் கட்டிய காசில் பாதியைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தார். வீட்டுக்குள் வரச் சொன்னேன், வரவில்லை. படலையில் நின்றபடி, "தம்பி படிக்கிறானா டீச்சர்?" என்று கேட்டார். ஓம் என்றேன். காசைத் தந்துவிட்டுப் போனார். அந்தக் காசை வாங்கியிருக்கக் கூடாது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். பிறகு அவர் இரண்டு வருடம் பாலமுனைப் பிள்ளைகளை மட்டும் ஏற்றி, மிச்ச நேரம் மீன் லொறி ஓட்டினார் என்று அக்கா சொல்லித்தான் தெரியும்.

2022இல் மகளுக்கு வேன் தேடியபோது எங்கள் ஊர் வேன் ஒன்றிலும் இடம் இருந்தது. நான் அதைக் கேட்கவில்லை. நாங்கள் நானா என்று கூப்பிடுகிற இந்த வேன்காரருக்குத்தான் போன் எடுத்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், "நானா, உங்கட வேனில் ஒரு சீட்…" என்று இழுத்தேன். "இரிக்கி டீச்சர். எத்தின மணிக்கு வரட்டும்?" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அந்த வருடம் ஆரையம்பதியில் அவருடைய வேனில் ஏறியது நான்கு பிள்ளைகள். இப்போது ஒன்பது. "பயமில்லையா?" என்று கேட்டவருக்கு என் பதில் இதுதான்: எனக்கு ஒரு காலத்தில் பயம் இருந்தது, அந்தப் பயத்தால் நான் செய்தது எனக்கு இன்னும் வலிக்கிறது. உங்கள் பிள்ளையை அனுப்புங்கள்.

மகளுக்கு இந்த வேனில் கிடைத்ததைச் சொல்ல வேண்டும். இந்த வருடம் அவள் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதினாள். பக்கத்து சீட் பிள்ளையும் எழுதியது. பயிற்சி வினாத்தாள்களை ஒவ்வொரு வலயமும் தனியாகத் தயாரிக்கும். எங்கள் வலயத்துத் தாள் மகளிடம், மத்தி வலயத்துத் தாள் அந்தப் பிள்ளையிடம். இரண்டு பேரும் வேனில் மாற்றிக்கொள்வார்கள். ஒரு தாளில் கணக்கு கடினமாக இருக்கும், மற்றதில் மொழிப் பகுதி. காலையில் இருபது நிமிடம், மத்தியானம் இருபது நிமிடம், ஆட்டத்தோடு ஆட்டமாகக் கோணல் எழுத்தில் எழுதுவார்கள். இரண்டு அலுவலகங்கள் தங்களுக்குள் பகிர்ந்திருக்கக்கூடியதை இரண்டு பத்து வயதுப் பிள்ளைகள் மடக்கு சீட்டில் வைத்துப் பகிர்ந்தார்கள். நோன்பு விடுமுறையில் அந்தப் பிள்ளை வராத நாட்களில் வேன்கார நானாவே தாளை வாங்கிவந்து மகளிடம் கொடுப்பார், மத்தியானம் மகளுடையதைக் கொண்டுபோவார். அதற்கு அவர் காசு கேட்கவில்லை, நாங்கள் கேட்டும் வாங்கவில்லை.

இவ்வளவும் இருந்தும் ஐந்துக்கு நான்குதான் கொடுக்கிறேன். அதற்குக் காரணம் மடக்கு சீட் மட்டும் அல்ல. மற்றக் காரணத்துக்கு அவரைக் குறை சொல்ல முடியாது, ஆனாலும் சொல்லாமல் விட முடியவில்லை.

நான் படிப்பிப்பது ஆற்றுக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில். தினமும் ஸ்கூட்டியில் மண்முனைப் பாலத்தைத் தாண்டிப் போகிறேன். 2014இல் அந்தப் பாலம் திறப்பதற்கு முன், பாதை என்று நாங்கள் சொல்கிற மிதவைப் படகில் ஏறித்தான் ஆற்றைக் கடக்க வேண்டும். பாதை பிந்தினால் முதல் பாடம் போய்விடும். பாலம் வந்தது ஆசிரியர்களுக்குப் பெரிய உதவி. ஆனால் அது இந்தப் பக்கத்து எழுவான்கரை ஆசிரியர்கள் காலையில் போய் மத்தியானம் திரும்ப வசதியானதே தவிர, அங்குள்ள பிள்ளைகளை எங்கும் கொண்டுபோகவில்லை. என் பாடசாலையில் பதினோராம் ஆண்டு வரைதான். உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க வேண்டுமென்றால் ஊரை விட்டு வர வேண்டும். கணித ஆசிரியர் வருவார், இரண்டு வருடத்தில் இடமாற்றம் எடுத்துப் போவார். என் வகுப்பில் நான்கு கிலோமீற்றர் நடந்து வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். வயல் வெட்டு முடிந்த காலத்தில் யானை இறங்கினால் அந்தப் பிள்ளைகள் வருவதில்லை. அங்கே எல்லாரும் தமிழர்கள். ஆகவே இது தமிழ் முஸ்லிம் கதை மட்டும் அல்ல. ஆற்றுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்றும் பிள்ளைகள் பிரிந்து கிடக்கிறார்கள்.

போன வருடம் நானாவிடம், பாலத்துக்கு அப்பால் ஒரு ஓட்டம் ஓட முடியுமா என்று கேட்டேன். அவர் சிரித்துத் தட்டிக்கழிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னோடு வந்து வீதியைப் பார்த்தார், தூரத்தை எழுதினார், டீசல் கணக்குப் போட்டார். "பதினைஞ்சு புள்ள சேத்துத் தாங்க டீச்சர், ஆளுக்கு 5,000 எண்டா எனக்கு நட்டமில்லாம ஓடலாம்" என்றார். பெற்றோர் கூட்டத்தில் கேட்டேன். கூலி வேலைக்குப் போகிறவர்கள், வயல் குத்தகைக்குச் செய்கிறவர்கள், ஆற்றில் வலை போடுகிறவர்கள். நான்கு பேர் கை தூக்கினார்கள். அதில் ஒரு தாய் பிறகு வந்து, "டீச்சர், நான் யோசிக்காமத் தூக்கிட்டன்" என்றார். அந்த ஓட்டம் நடக்கவில்லை.

ஒன்றாக இருந்து போகும் அந்த இருபது நிமிடத்தை என் மகளுக்கு 7,000 ரூபாய் கொடுத்து நான் வாங்குகிறேன். இலவசக் கல்வி என்கிற நாட்டில் அது விலைக்குக் கிடைக்கிற ஒன்றாக இருக்கிறது. வாங்க முடியாத பிள்ளைகளை நான் தினமும் காலை ஏழரைக்கு வகுப்பில் பார்க்கிறேன். அரசாங்க மானியத்தில் ஓடும் சிசு செரிய பஸ் ஒன்று படுவான்கரை உள்வீதியில் பாடசாலை நேரத்துக்கு ஓடினால், அதுவும் ஆற்றைக் கடந்து இரண்டு பக்கத்து, இரண்டு சமூகத்துப் பிள்ளைகளையும் ஏற்றினால், நானாவின் வேனுக்கு ஐந்தாவது நட்சத்திரம் கொடுப்பதில் எனக்குத் தயக்கம் இருக்காது. அதை அவரிடம் சொன்னேன். "அது ஓடினா என்ர வேனுக்கு ஆள் குறையுமே டீச்சர்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஓடட்டும், அதுகளும் படிக்கட்டும்" என்றார்.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு: அடுத்த வருடம் நான்கு இடம் காலியாகிறது, அதில் இரண்டு ஏற்கெனவே போய்விட்டது. முற்பணம் ஒரு மாதக் கட்டணம். பிள்ளை வராத நாளில் இரவு ஒன்பது மணிக்கு முன் குழுவில் போடுங்கள், காலையில் போட்டால் அவர் வந்து ஹோர்ன் அடித்துக்கொண்டே நிற்பார். சத்தி எடுக்கிற பிள்ளையென்றால் அக்காவிடம் முன்பே சொல்லுங்கள், ஜன்னல் பக்கம் இருத்துவார். சீட் கேட்கும்போது, என் பிள்ளையை எங்கள் ஊர்ப் பிள்ளைகளோடு இருத்துங்கள் என்று தயவுசெய்து கேட்காதீர்கள். அக்கா கேட்க மாட்டார்.

என் மகள் ஆறாம் ஆண்டுக்கும் நகரத்துக்குத்தான். பக்கத்து சீட் பிள்ளை காத்தான்குடியில் ஒரு பெண்கள் பாடசாலைக்கு. இரண்டு பேருக்கும் இனிப் பின் சீட். நேற்று முற்பணம் கட்டப் போனபோது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்படி சொன்னேன். அந்தப் பிள்ளையின் உம்மா போன கிழமையே வந்து அதையே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.